கோடு விழுந்த கீரை

எங்கள் சுகாசினி அண்ணிக்குப் புழு என்றால் ஆகாது. முகத்தைச் சுளித்துவிட்டு வேறு வேலை பார்க்கிற ரகம் இல்லை அவள். வாயில் எச்சில் ஊறும், கழுத்து நரம்பு புடைக்கும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுவாள். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அது நடந்தது. கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். உள்ளே ஒன்று வெள்ளையாக, கொழுகொழுவென்று, தான் தின்ற இடத்திலேயே கழிந்து வைத்துக்கொண்டு நெளிந்திருக்கிறது. அரிவாள்மனை ஒரு பக்கம், கத்தரிக்காய் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா ராஜமதிக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. ஒரு உயிரின் மேல் கத்தி பட்டுவிட்டதே என்று பொறுக்காமல் மருமகள் ஓடிவிட்டாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே அது தெரிந்துவிட்டது. திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் சமண வீடுகள் கொஞ்சம்தான். வந்தவாசிப் பக்கத்திலிருந்து ராஜமதி அம்மாளுக்கு அப்படி ஒரு இரக்கமுள்ள மருமகள் வாய்த்திருக்கிறாள் என்று பேச்சு. நான் கிணற்றடியில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவன். அண்ணி என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியும். வாய் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். இரக்கத்துக்கு யாரும் அப்படித் துப்பமாட்டார்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க தம்பி" என்றாள். நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் கீரையோ காலிஃப்ளவரோ தொட்டுச் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. கேட்டால் விரதம் என்பாள். எங்கள் வீட்டில் விரதம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

என் பெயர் நேமிராஜ். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துப் போடுகிற வேலை. அம்மா பட்டைத் தொடமாட்டாள், புழுவை வேகவைத்து எடுத்த நூல் என்பாள். அதனால் கடையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் அடுப்படிப் பக்கம் நான் போக முடியும். அண்ணன் தரணேந்திரனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஷிஃப்டு மாறி மாறி, வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குவான். ஆக இந்தக் கதையில் அவன் குறட்டையாகத்தான் வருவான்.

போன தை மாதம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணும் நகமும் மஞ்சளாகி, ஏற்கெனவே ஒல்லியான உடம்பு துணி மாட்டிய குச்சி மாதிரி ஆனது. அம்மா அதற்குப் பல வருஷம் முன்பே ஒரு வேளைச் சாப்பாட்டு விரதம் எடுத்திருந்தாள். பகலில் ஒரு தடவை. அதுவும் தட்டில் ஓர் உயிரோ, செத்த பூச்சியோ, ஒரு முடியோ கண்ணில் பட்டால் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவாள். அந்தராயம் என்று பெயர். அந்தராயம் ஆகிவிட்டால் மறுநாள் பகல் வரை தண்ணீர்கூடக் கிடையாது. நல்ல உடம்பாக இருந்தபோது அதைச் சமாளித்தாள். இப்போது ஒரு வேளை தவறினாலும் ஆபத்து என்று ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உடம்பில் தாங்குவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை என்றார்.

மாத்திரையோடு கூடக் கரிசலாங்கண்ணியும் ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும் என்று சின்னக் காஞ்சிபுரத்து வைத்தியர் ஒருவர் சொல்லிவிட்டார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்கிறது, வாங்கி வரலாம் என்றால் வேண்டாமாம். மருந்தடித்து எத்தனை பூச்சியைக் கொன்று வளர்த்த கீரையோ என்றாள். தானாக முளைத்ததுதான் வேண்டும். அதையும் அரியக் கூடாது, அரிந்தால் எது அரிபடும் என்று தெரியாது. முழு இலையாக லேசாக ஆவி காட்டி, பாசிப்பருப்போடு கிளறி வைக்க வேண்டும்.

தானாக முளைத்த கரிசலாங்கண்ணி எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வாய்க்கால் ஓரத்தில்தான். எங்கள் பக்கத்து வாய்க்கால்களில் ஓடுவதைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. டயபர் மிதக்கும், கோழி இறகு மிதக்கும். அதனால் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு தாமல் ஏரிப் பக்கம் போய்ப் பறித்து வருவேன். அங்கேயும் கரையில் காலை வைக்கும்போது பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஊரில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டியிருந்தும் சிலருக்கு ஏரிக்காற்று இல்லாமல் வராது போலிருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பை நிறையப் பறிப்பேன்.

ஆரம்பத்தில் ஒரு நாள் அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டு, அடுத்த வாய்க்குக் கீரையைப் பிரித்தபோது கை நின்றது. ஒரு இலையில் வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து போயிருந்தது. பட்டுக்கடைக்காரன் கண்ணுக்கு ஜரிகை இழை சுருண்டு கிடக்கிற மாதிரி. கோட்டின் முடிவில் மஞ்சளாக, சின்னதாக, வெந்துபோன ஒன்று. அம்மா கையை உதறி எழுந்தாள். சாயங்காலம் வாசற்படியில் மயங்கி விழுந்து நெற்றியைப் பெயர்த்துக்கொண்டாள். டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ள அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்காது என்று டாக்டர் கோபமாகச் சொன்னார்.

மறுநாள் நான் கொண்டுவந்த பையை அண்ணி வாங்கிக்கொண்டாள். இனிமேல் கீரையைத் தான் பார்ப்பதாகச் சொன்னாள். நான் நம்பவில்லை.

பார்த்தாள். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, புருவம் திருத்துகிற இடுக்கியால் ஒவ்வொரு இலையாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். இலை என்பது பார்க்கத்தான் ஒரே தோல். மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே இந்தப் பிறவி குடியிருக்கிறது. பச்சையைத் தின்றுகொண்டே போகிறது, போன வழி வெளுத்துவிடுகிறது. அதுதான் கோடு. கோட்டுக்கு உள்ளே கறுப்பாக மெல்லிய நூல் மாதிரி ஒன்று தெரியும். அது என்ன என்று நான் கேட்டிருக்கக் கூடாது. "அதோட பீ" என்றாள் அண்ணி, கைக்குட்டைக்குள்ளிருந்து. சாப்பாட்டு அறை, படுக்கை அறை, கக்கூஸ் எல்லாம் ஒன்றே. கோடு ஆரம்பத்தில் மெல்லிசாக இருக்கும், புழு கொழுக்கக் கொழுக்க அகலமாகும். வெளிச்சத்தில் பிடித்தால் அகலமான முனையில் அது மஞ்சளாகக் கிடப்பதும், வாயில் இருக்கிற கறுப்புக் கொக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிச் சுரண்டுவதும் தெரியும். ஒரு தரம் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் கடையில் நான் சாப்பிடவில்லை.

கோடு இருந்த இலையெல்லாம் ஒரு பக்கம், சுத்தமான கொழுந்து மட்டும் அடுப்புக்கு. ஒதுக்கின இலைகளைக் குப்பையில் போடவும் அம்மா விடவில்லை. அவையும் உயிர்தானே, பிழைக்கட்டும் என்றாள். அதனால் அடியில் மண் போட்டு, மேலே துணி கட்டிய ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் அண்ணி அவற்றைப் போட்டுப் பின்பக்கம் வைத்தாள். இலை அழுகி, கொழகொழத்து, அழுகின முட்டைக்கோஸ் வாடை அடிக்கும். தினமும் காலையில் மூச்சை அடக்கிக்கொண்டு துணியை அவிழ்ப்பாள். எப்போதாவது ஒன்றிரண்டு ஈக்கள் வரும், எள்ளில் பாதி இருக்கும், மஞ்சளும் கறுப்புமாக. அது பறந்துபோன பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவாள், முகம் கழுவுவாள், மறுபடியும் கை கழுவுவாள்.

அம்மா தேறினாள். கண் வெளுத்தது, பேச்சில் அதிகாரம் திரும்பியது. தெருவில் அண்ணியின் புகழ் இன்னும் ஏறியது. கோயிலுக்குப் போகிற பெண்கள் கையில் கீரையோடு வந்து, சுகாசினி ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வயசில் உயிர்கள் மேல் எவ்வளவு கருணை என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், இன்னொருத்தி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அண்ணி எச்சிலை விழுங்கிக்கொண்டு இலையைத் திருப்பிக்கொண்டிருப்பாள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கப் புழுவைப் பார்ப்பதைவிடக் குமட்டும். ஒரு மனுஷி வாந்தியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எதிரே இருப்பவர்களுக்கு அது கருணையாகத் தெரிகிறது.

ரோட்டில் போனாலும் அவள் கண் சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரோரத்துப் பார்த்தீனியத்தில் கோடு, சுடுகாட்டுப் பாதையில் மூக்குத்திப்பூச் செடியில் கோடு என்று காட்டுவாள். மூக்குத்திப்பூச் செடியில் சில இலைகளில் கோடாக இல்லாமல் கொப்புளம் மாதிரி வெளுத்திருக்கும், அது வேறு ஈயாக இருக்கும் என்பாள். சொல்லிவிட்டு உடம்பைச் சிலிர்த்துக்கொள்வாள். பார்க்காமல் இருக்கலாமே அண்ணி என்றேன். ஒரு தரம் பார்த்துப் பழகிவிட்டால் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றாள்.

மாசி மாதம் அண்ணி அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்கு வந்தவாசி போனாள். கிளம்புகிற அன்று பொறுக்கி எடுத்த கொழுந்தில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதைத் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் காம்போடு நிறுத்தி வைத்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு அந்த நாட்களில் கீரை வேண்டாம், வெறும் பருப்பு போதும் என்று ஏற்பாடு. திரும்பி வந்தவள் அடுப்படிக்குள் போனாள். வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளே ஜன்னலில் பிடித்துப் பார்த்து, சுத்தம் என்று ஒதுக்கி வைத்த கொழுந்து இலைகளில் மெல்லிசாகக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

வெளியிலிருந்து ஈ எதுவும் வந்து உட்கார வழியில்லை. டம்ளரை மெல்லிய துணியால் மூடிக் கட்டி வைத்திருந்தாள். அப்படியானால் எங்கிருந்து வந்தது?

வேளாண்மை ஆபீஸுக்குப் போன் போடச் சொன்னாள். போட்டேன். எடுத்தவர் என்ன பயிர் என்றார். பயிர் இல்லை சார், களை என்றேன். களைக்கு எதற்கு மருந்து என்று அவருக்குக் குழப்பம். மருந்து வேண்டாம், அது எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் போதும் என்றேன். போட்டோ அனுப்பச் சொன்னார், பார்த்தார். இலைத்துளைப்பான் ஈ, சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளில் நிறைய வரும், கரிசலாங்கண்ணியும் மூக்குத்திப்பூவும் பார்த்தீனியமும் எல்லாம் அந்தக் குடும்பம்தான் என்றார். பெண் ஈ தளிர் இலையாகப் பார்த்து, பின்பக்கத்தால் குத்தி, தோலுக்கு அடியில் முட்டை வைக்கும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். அப்புறம் புழு வளர்ந்ததும் கோட்டின் அகலமான முனையில் தோலைக் கீறிக்கொண்டு வெளியே வந்து மண்ணில் விழுந்துவிடும். முனையில் கீறல் இருந்தால் இலை காலி. சொல்லிவிட்டு, எதற்கும் ஒரு மருந்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார். போனை வைத்துவிட்டேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அண்ணி எல்லாவற்றையும் கேட்டாள். நேராகப் பின்பக்கம் போய் டப்பாவிலிருந்த இலைகளைத் தரையில் கொட்டினாள். இடுக்கி இல்லை, கைக்குட்டை இல்லை, வெறும் கை. கொழகொழத்த இலைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். முக்கால்வாசி இலைகளின் முனையில் கீறல் இருந்தது. டப்பாவில் அத்தனை ஈ வந்ததே இல்லை, ஆகவே அவை வரும்போதே காலி வீடுகள். அப்புறம் நான் அன்று பறித்து வந்திருந்த பையைப் பிரித்துக் கொழுந்துகளைப் பார்த்தாள். பளபளவென்று, கோடே இல்லாமல், புள்ளி புள்ளியாக இருந்தன.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. காலியான இலைகளை உயிர் இருக்கிறது என்று பத்திரப்படுத்திக் காப்பாற்றியிருக்கிறாள். உயிர் இருந்த இலைகளைச் சுத்தம் என்று பொறுக்கிப் பொறுக்கி வேகவைத்து, சமணக் கணக்கில் ஈ நாலறிவு உயிர், அதைக் கொல்லக் கூடாது என்று ஒரு வேளைச் சோற்றோடு கிடக்கிற என் அம்மாவுக்குப் போட்டிருக்கிறாள். தினமும். பார்த்துப் பார்த்து.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சொன்னால் அம்மா சாப்பாட்டையே விட்டுவிடுவாள், அந்தப் பிடிவாதத்தோடு வளர்ந்தவன் நான். கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் வைக்கத் தேவையில்லை, வைத்தியர் சொன்ன கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்றேன். அண்ணி கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இத்தினி நாளு தெரியாம போட்டேன் தம்பி. நாளைக்குத் தெரிஞ்சிக்கினுதானே போடணும்" என்றாள்.

மறுநாள் அவள் கொழுந்துகளை ஒதுக்கிவிட்டு அடி இலைகளை எடுத்தாள். முற்றியது, கோடு விழுந்தது, கோட்டின் முனையில் கீறல் தெரிவது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, முனை காலிதானா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். இன்னும் கோடாகாத புள்ளி இருந்தால் தள்ளிவிட்டாள். கீறல் இருந்தும் பக்கத்தில் இன்னொரு கோடு புதிதாகத் தொடங்கியிருந்தால் தள்ளிவிட்டாள். உள்ளே கறுப்பு நூலாகக் கிடந்ததைக் கீறல் வழியாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அந்த வேலையை விவரமாக எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒரு பை இலையில் ஒரு கைப்பிடி தேறியது. அதை ஆவி காட்டி, பருப்போடு கிளறி, அம்மாவின் தட்டில் வைத்தாள்.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுக் கீரையைப் பிரித்தாள். கோடு. அடுத்த இலை, கோடு. தட்டு முழுக்கக் கோடு. அம்மாவின் கை பின்னால் போனது. அண்ணி தட்டுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்துக்காதீங்க அத்தே. நான் சொல்றத கேட்டுட்டு அப்பால எழுந்துக்கோங்க."

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. புள்ளி என்ன, கோடு என்ன, கீறல் என்ன, டம்ளரில் என்ன வந்தது, இவ்வளவு நாள் தட்டில் என்ன வைத்தாள் என்று வரிசையாகச் சொன்னாள். உள் அறையில் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. அருவருப்பு. என் அம்மாவின் முகத்தில் அதை முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். இனி சாப்பாடு அவ்வளவுதான், ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிவிடலாம் என்று போனை எடுத்துவிட்டேன்.

"நான் தின்னதுக்கு நான் பிராயச்சித்தம் பண்ணிக்கிறேன். அது என் பாடு" என்றாள் அம்மா கடைசியில். "இது காலின்னு உனக்கு நிச்சயமா?"

"நிச்சயம் அத்தே."

"அப்பன்னா நீ மொதல்ல சாப்பிடு."

அண்ணிக்கு முகத்தில் ரத்தம் இல்லை. கீரையே தொடாதவள். அதுவும் இந்தக் கீரை. புழு குடியிருந்து, தின்று, கழிந்து, வளர்ந்து, வெளியேறிய தோல். காலி என்று உலகத்திலேயே அவளைப் போல நிச்சயமாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்து என்ன பிரயோஜனம்? தொண்டைக்கு அது தெரியவேண்டுமே. அம்மாவின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். கோடு மேலே தெரிந்தது. வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கையால் தரையை அழுத்திக்கொண்டாள். விழுங்கினாள்.

அம்மா அவள் தொண்டை இறங்குவதைப் பார்த்தாள். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தாள். என் அம்மா சாப்பிடுகிற வேகம் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்லுவாள், பேசமாட்டாள், நிமிரமாட்டாள். அண்ணி எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாயை இறுக்கி மூடி, உதடு வெளுத்து, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு. அவள் எழுந்து ஓடினால், அந்தச் சத்தம் கேட்டால், அம்மாவின் கை நின்றுவிடும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுந்திருக்கவில்லை. அம்மா பருப்பை வழித்து, கீரையைத் தீர்த்து, மோர் சாதம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் அண்ணி ஓடினாள். கிணற்றடி வரைக்கும் போக முடியவில்லை. குடல் வெளியே வந்துவிடும் போலச் சத்தம். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். கூடத்திலிருந்து அம்மா கூப்பிட்டுச் சொன்னாள், நாளைக்கும் சுகாசினிதான் முதலில் சாப்பிட வேண்டும், அப்போதுதான் தான் சாப்பிடுவதாக. என் தாயாக இருந்தாலும் அந்த நிமிஷம் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

காலையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். அண்ணி வாசலுக்கு வந்து பையை நீட்டினாள். இரவெல்லாம் தூங்காத முகம், இன்னும் சுளித்தபடியே இருந்தது.

"அடி எலையா பாத்து பறிங்க தம்பி" என்றாள். "எனக்கும் சேத்து பறிச்சிக்கினு வாங்க."